இருபத்தேழு பாட்டு குறைந்த அந்தாதி

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிராணியாக இருந்த சீனி முகம்மதுவுக்கு வெட்கம் வந்தால் முகம் மாறாது. காது மடல் இரண்டும் கொதிக்கும். அந்தச் சூட்டில் ரொட்டி சுட்டு எடுக்கலாம் என்பாள் அவர் மனைவி காமாரியா. 1927ஆம் வருஷம் முழுக்க அந்தக் காதுகள் ஆறவே இல்லை. எல்லாம் ஓர் அந்தாதியால் வந்த வினை.

அந்தாதி என்பது பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுகிற மாதிரி. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதையே பிடித்துக்கொண்டுதான் அடுத்த பாட்டு கிளம்ப வேண்டும். நடுவில் ஒரு பிள்ளை கையை விட்டாலும் ரயில் அறுந்து போகும். அப்படி நூறு பாட்டு, கடலோரத்து இறைநேசர் ஒருவர் பேரில் பாடி வருகிற வருஷக் கந்தூரி விழாவில் அரங்கேற்றுகிறேன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வாய்விட்டுவிட்டார் சீனி முகம்மது. அப்போது அவர் வயிற்றில் இரண்டு சஹன் தட்டுப் பிரியாணி இருந்தது. ஆளுக்கு அதுவும் ஒரு தைரியம்தான். அதற்குப் பிறகு மூன்று கந்தூரி வந்து போயிற்று. முப்பது பாட்டுதான் ஆகியிருந்தது. தெருவில் இறங்கினால் போதும், "புலவரே, ரயில் எந்த ஸ்டேஷன்ல நிக்குது?" என்று கேட்க நாலு பேர் காத்திருந்தார்கள்.

குற்றத்தை அவர் சத்தத்தின் மேல் போட்டார். சூலியா தெருவை ஒட்டிய சந்தில் மாடி வீடு. கீழே தகரப் பெட்டி அடிக்கிறவன், எதிர்வீட்டில் கிராமபோன், வீட்டுக்குள் நாலு பிள்ளைகளும் ஒரு மாமியாரும்.

"இந்த இரைச்சல்ல மனுசன் கவி பாட முடியுமா?" என்றார் ஒருநாள்.

காமாரியா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "இதே இரைச்சல்லதான் நான் நாலு புள்ளை பெத்தேன். ஒண்ணாவது பாதியில நின்னுச்சா?"

இந்தச் சங்கதி ஏலம் கிராம்பு வியாபாரி ஷேக் அலாவுதீன் காதுக்குப் போயிற்று. நூலை அச்சுப் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டவர் அவர்தான். "சீனி, பாலிக் புலாவ்ல நம்ம ஜாதிக்காய்த் தோட்டத்துல ஒரு மரவீடு சும்மா கெடக்கு. ஒரு மாசம் போய் இரு. ஓடைத் தண்ணி, நெழலு. மனுசச் சத்தமே கெடையாது லா" என்றார்.

ஷேக் அலாவுதீன் சொன்னதில் பொய் இல்லை. மனிதர் சத்தம் கிடையாதுதான்.

மோட்டார் பஸ் மலைவளைவுகளில் ஏறி இறங்கி அவரைத் தோட்டத்து வாசலில் தள்ளிவிட்டுப் போனது. கம்பங்கள் மேல் நின்ற மரவீடு. ஏறுவதற்கு ஆறு படி. முன்னால் ஜாதிக்காய் மரங்கள், பின்னால் டுரியான் மரங்கள். கொஞ்ச தூரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். கங்காணி முனுசாமியும் அவன் பெண்டாட்டி மீனாட்சியும் வந்து பாயும் பானையும் வைத்துவிட்டுப் போனார்கள். புலவர் மசியைக் கலக்கினார், ஆகாயத்தைப் பார்த்தார், முப்பத்தோராவது பாட்டுக்கு முதல் சொல்லை எழுதினார்.

அப்போதுதான் மீனாட்சியின் சேவல் கூவியது.

சேவல் விடியலில் கூவுவது உலகத்து வழக்கம். இந்தச் சேவல் எந்த வழக்கத்துக்கும் கட்டுப்பட்டதில்லை. காலை பத்துக்கும் கூவும், உச்சி வெயிலிலும் கூவும், மழை பெய்தால் மழைக்குப் போட்டியாகவும் கூவும். அது கூவிய கூவலில் மலைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் விடிந்துவிட்டது என்று நினைத்துக் கப்பல்காரர்கள் நங்கூரம் தூக்கியதாகக்கூடப் பேச்சு உண்டு. புலவர் ஒரு சீரைப் பிடிப்பார். சேவல் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும். ஐந்து நாள் இப்படியே போயிற்று. காகிதத்தில் அந்த ஒரே ஒரு சொல் உட்கார்ந்திருந்தது.

ஆறாம் நாள் முற்பகல். வீட்டுக்குக் கீழே நிழலில் மீனாட்சியும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்து ஜாதிக்காயிலிருந்து சிவப்புப் பத்திரியை உரித்துக்கொண்டிருந்தார்கள். சேவல் படிக்கட்டில் ஏறி வந்து, புலவர் முகத்துக்கு நேரே நின்று கூவியது. அவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஐந்து நாளாக வராத கவி அணையுடைத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, விரலை நீட்டிப் பாடினார்:

"கூவிக் கவிகெடுத்த கொண்டைத் தலையனே
ஆவி யடங்கி யழி."

சேவல் தலையைச் சாய்த்துக் கேட்டது. கேட்டுவிட்டு இன்னொரு முறை கூவியது. கீழே பெண்கள் சிரித்த சிரிப்பில் உரித்த பத்திரி சிதறிப் போயிற்று.

"அண்ணே, அதுக்குத் தமிழ் தெரியாது. மலாய்ல பாடிப் பாருங்க!" என்றாள் மீனாட்சி.

காது கொதித்தது. பெண்கள் சாப்பாட்டுக்குப் போகிறவரைக்கும் உள்ளேயே இருந்தார். தொழுகைக்குக் கால் கழுவ மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். படியடியில் சேவல் மறுபடி வாயைத் திறந்தது. அவ்வளவுதான். காலில் கிடந்த கட்டை கைக்கு எப்படி வந்தது, கையிலிருந்து எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. வாழ்நாளில் அவர் எறிந்த எதுவும் குறியில் பட்டதில்லை, அன்றைக்குப் பட்டது. கழுத்தில் ஒரே அடி. சேவல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது.

சேவலைத் திட்டாதே, அது தொழுகைக்கு எழுப்புகிற ஜீவன் என்று சின்ன வயதில் மதரசாவில் படித்தவர் அவர். திட்டினது போதாதென்று கொன்றும் ஆயிற்று, அதுவும் தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளுவுக்குப் போகிற வழியில். அதைத் தூக்கி, தானாகவே விழுந்த மாதிரி ஒரு ஜாதிக்காய் மரத்தடியில் கிடத்தினார். கட்டையைக் கழுவி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். முதலில் பார்த்தவள் மீனாட்சிதான். சேவல் மேல் ஒரு காயம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவள் சேவலைப் பார்த்தாள், மேலே மரவீட்டில் இருந்த புலவரைப் பார்த்தாள், கையிலிருந்த கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். முனுசாமி ஓடி வந்தான்.

"புலவரே..." அவன் குரல் இறங்கிவிட்டது. "பாட்டா?"

இல்லையப்பா, செருப்பு என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சீனி முகம்மதுவுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. தாடியைத் தடவினார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தடவலில் ஒரு பொய் முழுசாக அடங்கியிருந்தது.

பாட்டு விழுந்த கறி ஆகாது என்று சேவலை யாரும் தொடவில்லை. குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து தோட்டம் அடங்கியது. பெண்கள் உரிக்கும் வேலையை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். பிள்ளைகளின் வாயில் தாய்மார் கை இருந்தது. மற்றச் சேவல்களைப் பிடித்து, உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நாய்கூட அந்த வீட்டைக் கடக்கும்போது வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு போனது. மீனாட்சி சாப்பாட்டைக் கடைசிப் படியில் வைத்து, மூன்று அடி பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் முதுகைக் காட்டுவாள்.

மூன்று வருஷமாக அவர் கேட்டுத் தவம் கிடந்த தனிமை அதுதான். எழுதுகோல் எடுக்கும்போது இலை விழுகிற சத்தம் கேட்டது. வைக்கும்போது அது மண்ணில் படுகிற சத்தமும் கேட்டது. பாட்டு வரத் தொடங்கியது. முதல் நாள் இரண்டு, மறுநாள் மூன்று. சொல் சொல்லைக் கை பிடித்து அழைத்து வந்தது. அவர் எழுதினார் என்பதைவிட அவர் கையைப் பிடித்து யாரோ எழுதினார்கள் என்று சொல்லலாம். ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் மனசு ஆகாயத்துக்குப் போகும். கீழே படியில் மூடி வைத்த சோற்றைப் பார்த்ததும் காது சூடாகும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு இன்னும் மூன்று பாட்டு வரும்.

இதற்கிடையில் பஸ் டிரைவர் மூலமாகக் கதை ஊருக்குப் போனது. பாலிக் புலாவில் சேவலாகப் புறப்பட்டது, ஆயர் ஈத்தாம் போய்ச் சேர்வதற்குள் கடா ஆகிவிட்டது. சூலியா தெருவுக்குள் நுழையும்போது புலி. புலவர் பாடினார், புலி மண்டியிட்டு உயிரை விட்டது. ஷேக் அலாவுதீன் பெருமை தாங்காமல் கடுதாசி போட்டார்: "சீனி, ஊரே உன் பேச்சுத்தான். இந்தக் கந்தூரிக்குக் கூட்டம் தெருவை அடைக்கும். உன்னைக் கிண்டல் பண்ணின எல்லாரும் என் கடைக்கு வந்து, 'புலவர் எங்க மேல கோவமா இருக்காரா?' என்று கேட்கிறார்கள்." அந்தக் கடுதாசியை நாலு தரம் படித்தார். நாலாவது தரம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் நடுப்பகல், மீனாட்சி படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். கையில் சாப்பாடு இல்லை.

"புலவரண்ணே, எங்க வூட்டுக்காரருக்கு நடுக்கக் காய்ச்சல். பல்லு அடிச்சிக்குது. அன்னிக்கி நீங்க பாடினப்ப நான்தான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. என் தப்புக்கு அவரை விட்டுடுங்க."

அவர் அப்போது நாற்பத்தைந்தாவது பாட்டின் மூன்றாம் அடியில் இருந்தார். கடைசி அடி கண்ணுக்கு முன்னால் நின்றது, திரும்பினால் போய்விடும்.

"கொஞ்சம் இரு, தங்கச்சி. இந்தப் பாட்டு முடியட்டும்" என்றார்.

அவள் இருந்தாள். வெயிலில் நின்றே இருந்தாள். பாட்டு முடிய அரைமணி நேரம் ஆயிற்று. அருமையான பாட்டு.

பிறகு போனார். முனுசாமி மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தான். கட்டில் அவனோடு சேர்ந்து ஆடியது. சுற்றிலும் தோட்டத்து ஜனம். புலவர் வாயைத் திறந்தார். எல்லார் கண்ணும் அந்த வாயிலேயே இருந்தது. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கே இடம் இல்லை. ஷேக் அலாவுதீனின் கடுதாசி உட்கார்ந்திருந்தது. "பயப்படாதே, விலக்கிவிடுகிறேன்" என்று சொல்லி, வாழ்த்தாக ஏதோ நாலு அடி பாடினார். சாயங்காலம் முனுசாமிக்கு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தான். புலவருக்கே லேசாகச் சந்தேகம் வந்தது: ஒருவேளை இருக்குமோ நம்ம நாக்கில் ஏதாவது? அந்த மிதப்பில் ஐம்பத்தேழு வரைக்கும் ஓடியது அந்தாதி.

அது முறைக் காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மூன்றாம் நாள் முந்தினதைவிடப் பலமாக வந்தது. ஆஸ்பத்திரி டிரசர் சைக்கிளில் வந்து கொய்னா மாத்திரை கொடுத்தார். முனுசாமி அதை வாயிலிருந்து துப்பினான்.

"பாட்டுக் காய்ச்சலுக்குக் கொய்னா என்னாத்துக்கு? புலவரு மனசு இன்னும் எறங்கல. அவரு எறங்கினா இது எறங்கும்."

மீனாட்சி மறுபடி படிக்கட்டுக்கு வந்தாள். இந்த முறை காதில் தோடு இல்லை. அது ஒரு வெற்றிலையில் மடித்துக் கையில் இருந்தது. கக்கத்தில் ஒரு பெட்டைக் கோழி. "இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்லண்ணே" என்று இரண்டையும் கடைசிப் படியில் வைத்தாள்.

கோழி அவரை அண்ணாந்து பார்த்தது. சீனி முகம்மது உள்ளே போய் மரக்கட்டைச் செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"தோடைப் போடு, மீனாட்சி. வா."

வரிசை வீட்டு வாசலில் நின்று, எல்லாரும் கேட்கச் சொன்னார். பாட்டு இல்லை, செருப்பு. இந்தச் செருப்பு. கழுத்தில் பட்டது. நான்தான் தூக்கி மரத்தடியில் போட்டேன்.

ஜனம் அவரை இரக்கத்தோடு பார்த்தது.

"பெரியவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்றாள் ஒருத்தி.

"முனுசாமி மனசைத் தேத்தச் சொல்றாரு" என்றான் இன்னொருவன்.

உள்ளேயிருந்து கட்டில் ஆடுகிற சத்தத்தோடு முனுசாமியின் குரல் வந்தது: "சாமி, செருப்பைக் காட்டி ஏமாத்தாதீங்க. பாட்டை எடுங்க."

கிராணி வாழ்க்கையில் அவர் எத்தனையோ பொய்யைச் சொல்லி நம்ப வைத்திருக்கிறார். உண்மையைச் சொல்லி நம்ப வைக்கத் தெரியவில்லை. என்ன செய்வது? கவிதான் பொய் என்றால், கவியை வைத்துத்தானே அதைக் காட்டவேண்டும்? நடு முற்றத்துக்குப் போனார். கண்ணை மூடி, பாவமன்னிப்புக் கேட்டு ஒரு தரம் தவ்பா சொன்னார். சேவலை நோக்கி நீட்டிய அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்துப் பாடினார்:

"சேவலைக் கொன்றொளித்த சீனி முகம்மதே
ஆவி யடங்கி யழி."

ஓரிடத்திலும் தளை தட்டவில்லை. பெற்றோர் அவருக்குப் பெயர் வைத்ததே இந்த வெண்பாவுக்காகத்தான் என்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது.

பெண்கள் "ஐயையோ" என்று தலையில் கை வைத்தார்கள். புலவர் நின்றார்.

"சேவலுக்கு எம்மா நேரம் புடிச்சுது?" என்று ஒரு கிழவன் கேட்டான்.

"ஒரு மணி நேரம் இருக்கும்" என்றாள் மீனாட்சி.

அப்படியானால் ஒரு மணி நேரம் பார்க்கவேண்டியதுதானே? யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள், அவருக்கு இல்லை, தங்களுக்கு. முனுசாமியைக் கம்பளியோடு தூக்கி வந்து வாசலில் சாய்த்தார்கள். பெண்கள் கை சும்மா இருப்பானேன் என்று ஜாதிக்காய்க் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார்கள். நடு வெயிலில், கையில் ஒற்றைச் செருப்போடு, சீனி முகம்மது சாவதற்காக நின்றுகொண்டிருந்தார்.

ஒருதரம் தும்மினார். "வந்துருச்சு!" என்று கூட்டம் எழுந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார், கூட்டம் உட்கார்ந்தது. ஒருத்தி இரக்கப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்ப குடுக்காதே, கணக்குத் தப்பிடும்" என்று அவளைத் தடுத்தார்கள். காதின் கொதிப்பு கழுத்துக்கு இறங்கி, முதுகுக்கு இறங்கி, உள்ளங்காலில் போய் நின்றது. நூறு பாட்டுப் பாடிப் பெயர் எடுக்க வந்தவர், தன் பாட்டுக்கு ஓர் ஈயைக்கூடக் கொல்ல வலு இல்லை என்று ஊர் பார்த்து முடிவு செய்வதற்காகக் காத்திருந்தார்.

நிழல் நகர்ந்தது. ஒரு மணி நேரமும் முடிந்து, அதற்கு மேலும் கொஞ்சம் போயிற்று. முனுசாமிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"சாவலியே" என்றான். அதில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி. "ஏ மீனாட்சி, அந்தக் கொய்னாவை எடு."

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் சிரிப்பு ஆரம்பித்தது. அப்புறம் ஒரு பிள்ளை அழுதது, நாய் குரைத்தது, எங்கோ தகரம் உருண்டது. பத்து நாளாகப் பூட்டிக் கிடந்த தோட்டம் கதவு திறந்துகொண்டது. மீனாட்சி மட்டும் போகவில்லை.

"கோழிச்சேவல் போனாப் போவுது" என்றாள். "அதை நானே என்னிக்காச்சும் அறுத்திருப்பேன், அந்தக் கத்துக் கத்தும். பொய் சொன்னீங்க, அதையும் விடுங்க. அன்னிக்கி நான் வெயில்ல நின்னேனே, என்னா எழுதினீங்க?"

அவரால் நிமிர முடியவில்லை.

"படிங்கண்ணே. கேக்கறேன்."

நாற்பத்தைந்தாவது பாட்டைச் சொன்னார். தத்தளிக்கும் தோணியிலிருந்து ஒருவன் கூப்பிட, இறைநேசர் நாவிதர் பாதி வழித்த தலையோடு எழுந்து ஓடிவருகிறார் என்று பாட்டு. ஆபத்தில் கூப்பிட்டவனைக் காக்க வைக்காதவர் என்று முடிகிறது.

மீனாட்சி கீழே கிடந்த கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை பஸ்ஸிலேயே ஊர் திரும்பினார். மாத்திரையில் முனுசாமி பிழைத்துக்கொண்டான். கதை அவருக்கு முன்னாலேயே சூலியா தெருவுக்குள் போயிருந்தது. புலி மறுபடி சேவலாகியிருந்தது, செருப்பு மட்டும் கடப்பாரையாகியிருந்தது. "செருப்புப் புலவர்" என்ற பட்டம் அன்று விழுந்தது, அவருடைய மையித்தைத் தூக்கிய நாள் வரைக்கும் போகவில்லை. அவர் அதை மறுத்ததும் இல்லை. தகரப் பெட்டிக்காரன் அடிக்க அடிக்க, கிராமபோன் கத்தக் கத்த, பிள்ளைகள் முதுகில் ஏற ஏற, மிச்ச நாற்பத்து மூன்று பாட்டையும் மாடியில் உட்கார்ந்தே எழுதி முடித்தார். கரடுமுரடான பாட்டுகள். காமாரியா கேட்டுவிட்டு, "தோட்டத்துல எழுதினது தேன் மாதிரி இருந்துச்சு. இது கருவாடு" என்றாள். "கருவாடுதான்" என்றார்.

கந்தூரி வந்தது. சிரிக்க வந்தவர்கள் உட்பட நல்ல கூட்டம். முனுசாமியும் மீனாட்சியும் பஸ் ஏறி வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். சீனி முகம்மது முப்பது பாட்டுப் படித்தார். ஏட்டில் பல தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் புரட்டினார். ஐம்பத்தெட்டாவது பாட்டைத் தொடங்கினார்.

தமிழ் தெரிந்தவர்கள் திடுக்கிட்டார்கள். முப்பதாவது பாட்டு 'கரை' என்று முடிகிறது. இது 'மழை' என்று தொடங்குகிறது.

"சீனி!" என்றார் ஷேக் அலாவுதீன், பக்கத்தில் குனிந்து. "நடுவுல இருபத்தேழு எங்கே? அதுதானே உசுரு!"

"இருக்குது, முதலாளி."

"அப்ப படி."

"அதைப் படிக்கிற வாய் எனக்கு இல்ல."

பெண்கள் பக்கத்திலிருந்து மீனாட்சியின் குரல் வந்தது, தோட்டத்தில் பேசுகிற அதே உரத்த குரல்: "அண்ணே, அந்தத் தோணிப் பாட்டைச் சொல்லுங்க! நல்லா இருந்துச்சுல்ல?"

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. அவர் மைக்கறை படிந்த விரலை ஏட்டின் மேல் வைத்துக்கொண்டு, அவள் இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அது ஒன்னைய வெயில்ல நிக்க வெச்சு எழுதினது, தங்கச்சி."

அப்புறம் ஐம்பத்தெட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். நூறு வரைக்கும் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அச்சிலும் அப்படியே வந்தது: முப்பது, பிறகு ஐம்பத்தெட்டு. அச்சுக்கோக்கிறவர் எண்ணைத் திருத்தப் போனபோது, சீனி முகம்மது அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.